யார்டில் பதினொரு குடங்கள்

"சார், உங்க சர்வீஸ்ல நீங்க தப்பா ரிப்போர்ட் குடுத்திருக்கீங்களா?"

போன மாதம் கவிதா மேடம் போனில் இப்படிக் கேட்டார். விமானப்படையில் வானிலிருந்து எடுத்த படங்களை வாசிக்கும் பிரிவில் இப்போது அதிகாரியாக இருப்பவர். வயதில் என் பேத்தியாக இருக்கலாம், பதவியில் என்னைவிட எத்தனையோ படி மேலே. நான் அவரை மேடம் என்கிறேன், அவர் என்னை சார் என்கிறார். இரண்டு பேருக்கும் இதில் வருத்தமில்லை.

அவர்கள் பிரிவில் இப்போது கணினியே படம் வாசிக்கிறதாம். எரிந்த லாரி, இடிந்த கட்டடம் எல்லாவற்றையும் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்டு, பக்கத்தில் 'அழிந்தது' என்று எழுதியும் விடுகிறதாம். அது தப்பாக எழுதினால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று சின்னவர்கள் கேட்கிறார்களாம். பழைய ஆள் யாராவது தன் தப்பைப் பற்றி எழுதினால் நன்றாக இருக்கும் என்றார். ஓய்வு பெற்றவனிடம் சாதனையைக் கேட்பார்கள், தப்பைக் கேட்டவர் இவர் ஒருவர்தான். அதனாலேயே ஒப்புக்கொண்டேன்.

நான் பயிற்சி பெற்ற கதை யாருக்கும் வேண்டாம். மயிலாப்பூரில் பள்ளி முடித்தேன், வேலை கிடைக்கவில்லை, விமானப்படையில் சேர்ந்தேன். கண் நன்றாக இருக்கிறது என்று படம் வாசிக்கப் போட்டார்கள். மூன்று வருஷம் ஊர் ஊராக ரயில் யார்டு, பாலம், துறைமுகப் படங்களைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைப் பழக்கினேன். எழுபத்தொன்றில் போர் வந்தபோது மேற்கு எல்லைப் பக்கம் ஒரு விமானத்தளத்தில் சார்ஜென்ட்டாக இருந்தேன்.

எங்கள் வேலை எளிமையானது. நம் விமானங்கள் எதிரியின் ரயில் யார்டில் குண்டு போட்டுவிட்டு வரும். பின்னாலேயே கேமராவோடு ஒரு விமானம் தாழப் பறந்து போய்ப் படம் எடுத்து வரும். தண்டவாளம் அறுந்ததா, எஞ்சின் ஷெட் இருக்கிறதா, திரும்பவும் போக வேண்டுமா என்று படத்தைப் பார்த்து நாங்கள் எழுத வேண்டும். யார்டுக்குக் கழுத்து என்று ஒன்று உண்டு. இருபது இருப்புப் பாதைகள் ஒடுங்கி இரண்டாகச் சேரும் இடம். அதை அறுத்துவிட்டால் உள்ளே எத்தனை வேகன் நின்றாலும் வெளியே வர முடியாது. நாங்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஒரே இடத்தை அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காலுள்ள ஒரு ஜோடிக் கண்ணாடி வழியாகப் பார்ப்போம். தட்டைப் படம் எழுந்து நிற்கும். கட்டடம் மேலே வரும், பள்ளம் கீழே போகும். முதல் முறை பார்க்கிறவன் கையை நீட்டித் தொடப் பார்ப்பான். நானும் அப்படி நீட்டினவன்தான்.

எங்களுக்கு மேலதிகாரி ஸ்க்வாட்ரன் லீடர் மிஸ்திரி. பம்பாய் பார்ஸி. உயரமான ஒல்லி மனிதர், குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. மேஜையில் எப்போதும் ஆரஞ்சுப் பழம் இருக்கும். உரித்து, நாரை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு சுளையை உங்கள் கையில் வைத்துவிட்டுத்தான் உங்கள் ரிப்போர்ட்டைக் கிழிப்பார். அந்தச் சுளையை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு திட்டு வாங்கியிருக்கிறேன்.

அவர் இரண்டு வழக்கங்கள் வைத்திருந்தார். ரிப்போர்ட்டை இரண்டு பத்தியாக எழுத வேண்டும். இடது பத்திக்குத் தலைப்பு 'காண்கிறேன்'. வலது பத்திக்கு 'கருதுகிறேன்'. ஆங்கிலத்தில்தான் எழுதினோம், நான் மனசுக்குள் தமிழில் வைத்திருந்தேன். புகை தெரிந்தால் இடது பக்கம். எண்ணெய் எரிகிறது என்று தோன்றினால் வலது பக்கம். வலது பக்கம் எழுதியதற்கு ஆதாரம் சொல்லாவிட்டால் சிவப்பு மசியால் ஒரே கோடாக அடித்துவிடுவார்.

இரண்டாவது வழக்கம், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும். தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். திரும்பி வந்து படங்களைக் கலைத்து, முதலிலிருந்து அடுக்கி, இன்னொரு தடவை பார்க்க வேண்டும். "உன் கண் பிடிவாதக்காரன். ஒரு முறை ஒன்றைப் பார்த்துவிட்டால் அதையே பார்த்துக்கொண்டிருப்பான். அவனை வெளியே அனுப்பிவிட்டுத் திரும்பக் கூப்பிடு" என்பார்.

போர் தொடங்கி நாலைந்து நாள் ஆகியிருக்கும். காலை ஒன்பதரைக்கு ஒரு யார்டின் படங்கள் வந்தன. முந்தைய நாள் நம் விமானங்கள் குண்டு போட்ட இடம். மிஸ்திரி சார் தளபதியோடு கூட்டத்தில் இருந்தார். தாக்குதலைத் திட்டமிடும் ஆபரேஷன்ஸ் அறையிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. திரும்பப் போக வேண்டுமா வேண்டாமா, உடனே சொல்லு என்று.

படங்கள் இன்னும் ஈரமாக இருந்தன. அவசரத்தில் வரிசை எண் எழுதிய ஓரத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். நான் அடுக்கினேன். படம் வாசிப்பதில் ஒரு விதி, நிழல் நம்மைப் பார்த்து விழ வேண்டும். இல்லையென்றால் கண் ஏமாறும். நான் வைத்த படங்களில் நிழல் எதிர்ப்பக்கம் விழுந்தது. சரி என்று இடது படத்தை எடுத்து அந்த இடத்திலேயே தலைகீழாகத் திருப்பி வைத்தேன். வலது படத்தையும் அப்படியே. நிழல் சரியாகிவிட்டது.

தப்பு அங்கேதான் நடந்தது. திருப்புவதென்றால் இரண்டையும் ஜோடியாகச் சேர்த்துத் திருப்ப வேண்டும். தனித்தனியாகத் திருப்பினால் இடது கண் பார்க்க வேண்டியதை வலது கண் பார்க்கும், வலது கண் பார்க்க வேண்டியதை இடது கண் பார்க்கும். இடது கால் செருப்பை வலது காலில் மாட்டிக்கொண்ட மாதிரி. ஆனால் செருப்பு கடிக்கும், கண் கடிக்காது. மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும், எல்லாம் தெளிவாகவே தெரியும். முதல் வாரப் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. வேகன்களைப் பார்த்திருந்தாலாவது, அவை பள்ளமாகத் தெரிவதை வைத்து ஏதோ கோளாறு என்று பிடிபட்டிருக்கும். நான் கழுத்தை மட்டும் பார்த்தேன்.

கழுத்தில் ஆறு குவியல்கள் தெரிந்தன. ஒன்று கருப்பாக மின்னியது. அதைச் சுற்றிலும் ஆட்கள். இடது பத்தியில் எழுதினேன்: கழுத்துப் பகுதியில் ஆறு ஜல்லிக் குவியல்கள், நிலக்கரி போல ஒன்று, சுற்றிலும் வேலையாட்கள். வலது பத்தியில்: தண்டவாளம் பழுதுபார்க்கப்படுகிறது, மறுதாக்குதல் தேவை. தண்ணீர் குடிக்கப் போகவில்லை. பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். மதியம் இரண்டு மணிக்கு நான்கு விமானங்கள் கிளம்பும் என்று பதில் வந்தது.

படம் கழுவும் பிரிவில் எத்திராஜ் இருந்தான். ஊரூர் குப்பத்துப் பையன், என் வயதுதான். அந்தத் தளத்தில் சென்னைத் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டே பேர். லென்ஸும் கையுமாக உட்கார்ந்திருப்பதால் எனக்கு வாத்யார் என்று பேர் வைத்திருந்தான். காய்ந்த படங்களை எடுத்துப் போக வந்தவன் லென்ஸை வாங்கிச் சும்மா பார்த்தான்.

"இன்னா வாத்யாரே, எங்க ஊட்டாண்ட குழாயடி மாதிரி கீது."

"எது?"

"தோ, இந்தாண்ட. பொம்பளைங்க லைன்ல நின்னுக்கினு கீறாங்க. பக்கத்துல பக்கத்துல குடம்."

"அது கூலிக்காரங்கடா. ஜல்லிக்கூடை."

"கூலிக்காரன் ஏன் லைன்ல நிக்கிறான்? குமிச்சி வச்ச ஜல்லியாண்ட எவன்னா லைன் கட்டி நிப்பானா? வரிசைன்னா அது தண்ணிக்குத்தான் வாத்யாரே."

நான் லென்ஸை வாங்கினேன். ஒரு புள்ளி, அதன் நிழல், பக்கத்தில் ஒரு பொட்டு. மறுபடி ஒரு புள்ளி, நிழல், பொட்டு. அடுத்தவர் காலை மிதிக்காமல், அடுத்தவர் முந்தவும் முடியாமல் விடும் அந்த இடைவெளி எனக்கு நன்றாகத் தெரியும். பள்ளி நாட்களில் தினமும் காலையில் தெருக்குழாயில் நான் நின்ற வரிசை அது.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து படங்களைக் கலைத்து, ஜோடியாகச் சேர்த்துத் திருப்பி வைத்துப் பார்த்தேன். ஆறு குவியல்களும் தரைக்குள் இறங்கின. ஆறு குண்டுக்குழிகள். கழுத்து சுத்தமாக அறுந்திருந்தது. கருப்பாக மின்னியது நிலக்கரி இல்லை, தண்ணீர். நீராவி எஞ்சின்களுக்குப் போகும் பெரிய குழாய் உடைந்து ஒரு குழி நிரம்பியிருந்தது. ஊரில் மற்ற குழாய்கள் வறண்டிருக்க வேண்டும். ஜனங்கள் அங்கே குடத்தோடு வந்திருந்தார்கள். நான் அவர்கள் மேல் மறுதாக்குதல் கேட்டிருந்தேன்.

மணி பதினொன்றே கால். மிஸ்திரி சார் கூட்டம் முடிந்து உள்ளே வந்தார். எழுந்து நின்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்தார். குனிந்து இரண்டு நிமிஷம் பார்த்தார்.

"கையெழுத்துக்கு முன்னால் தண்ணீர் குடித்தாயா?"

"இல்லை, சார்."

"ம்." போனை என் பக்கம் நகர்த்தினார். "ஆபரேஷன்ஸைக் கூப்பிடு. தப்பு உன்னுடையது, குரலும் உன்னுடையதாக இருக்கட்டும்."

கூப்பிட்டேன். எதிர்முனையில் இருந்த அதிகாரி என் படிப்பையும் பிறப்பையும் ஒன்றுவிடாமல் விசாரித்தார். குண்டு ஏற்றியாகிவிட்டது என்றார். நான் போனை வைக்கவில்லை. கழுத்து அறுந்திருக்கிறது, பழுதுபார்க்கவில்லை, குழியைச் சுற்றி நிற்பவர்கள் தண்ணீர் எடுக்கும் ஜனங்கள் என்று மூன்று தடவை சொன்னேன். வாழ்க்கையில் யாரிடமும் அவ்வளவு பிடிவாதமாகப் பேசியதில்லை. பதினொன்றரைக்குத் தாக்குதலை ரத்து செய்தார்கள். மிஸ்திரி சார் ஒரு பழத்தை உரித்தார். அன்று எனக்குச் சுளை தரவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் சொல்ல நன்றாக இருக்கும். மூன்றாம் நாள் அதே யார்டின் படங்கள் இரண்டு தொகுதி வந்தன, காலையில் எடுத்தது ஒன்று, உச்சிவேளையில் எடுத்தது ஒன்று. இந்தத் தடவை முறையாக அடுக்கினேன். தண்ணீர் குடித்தேன். இரண்டு முறை குடித்தேன். கழுத்தில் ஐந்து குழிகளை மூடிவிட்டு, தண்ணீர்க் குழியைச் சுற்றிக்கொண்டு போகும்படி புதிதாக ஒரு பாதை போட்டிருந்தார்கள். அதன் மேல் வேகன்கள். வேகன்களில் டாங்கிகள், மேலே தார்ப்பாய் போர்த்தி. எல்லையில் நம் ஆட்களைச் சுடப் போகிற டாங்கிகள்.

காலைப் படத்தில், பாதைக்குப் பக்கத்திலேயே, அந்த வரிசையும் இருந்தது. முன்னைவிட நீளமாக.

இப்போது மறுதாக்குதல் தேவை என்பது உண்மை. அதை எழுதாமல் விட்டால் எல்லையில் இருப்பவர்களுக்கு நான் துரோகி. எழுதினால் குடத்தோடு நிற்பவர்களுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரு மணி நேரம் அந்தக் கண்ணாடியை விட்டு எழவில்லை. பயமாக இருந்தது. பிறகுதான் உச்சிவேளைப் படத்தில் வரிசை இல்லை என்பது உறைத்தது. நிழலின் நீளத்தை அளந்து நேரம் கணக்குப் போட்டேன். காலைப் படம் எட்டு மணி சுமாருக்கு எடுத்தது, மற்றது பன்னிரண்டை ஒட்டி.

இடது பத்தியில் எழுதினேன்: புதிய பாதை, டாங்கி வேகன்கள். எட்டு மணிப் படத்தில் குழியருகே பொதுஜன வரிசை. பன்னிரண்டு மணிப் படத்தில் வரிசை இல்லை. வலது பத்தியில்: மறுதாக்குதல் தேவை, உச்சிவேளையில்.

அவசரம் இல்லாவிட்டால் விமானங்கள் விடியலில்தான் போகும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும், கீழே பீரங்கிக்காரன் கண் கூசும். உச்சிவேளையில் போவது அவனுக்கு விருந்து வைப்பது. அதனால் மிஸ்திரி சார் போக வேண்டிய பைலட்டையே கூட்டிக்கொண்டு வந்தார். ஃப்ளைட் லெப்டினென்ட் கில் என்று ஒரு சர்தார், என்னால் தாக்குதல் ரத்தான அன்றைக்குச் சும்மா உட்கார்ந்தவர்களில் ஒருவர்.

"என் உயிரை உச்சி வெயிலில் காயப் போடச் சொல்பவன் நீதானா?" என்றார். நான் கண்ணாடியை அவர் பக்கம் திருப்பினேன். காலைப் படத்தைப் பார்த்தார். கையை நீட்டித் தொடப் பார்த்தார், எல்லோரையும் போல. பிறகு நிமிர்ந்து, "பன்னிரண்டு மணி. சரி" என்றார்.

மறுநாள் பன்னிரண்டுக்குப் போனார்கள். நாலு பேரும் திரும்பி வந்தார்கள். கில்லின் விமானத்தில் வால் பக்கம் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. பிற்பகல் மூன்று மணிக்கு எத்திராஜ் படங்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். மிஸ்திரி சாரும் நின்றார்.

புதிய பாதை அறுந்திருந்தது. டாங்கி வேகன்கள் கவிழ்ந்து எரிந்துகொண்டிருந்தன. ஒரு குண்டு தள்ளி விழுந்து தண்ணீர்க் குழிக்குப் பக்கத்தில் இன்னொரு குழி ஆகியிருந்தது. குழியோரத்தில் பொட்டு பொட்டாக ஒரு வரிசை. எண்ணினேன். பதினொன்று. பக்கத்தில் புள்ளி இல்லை, நிழல் இல்லை. புதுக் குழி வரைக்கும் வந்து வரிசை நின்றுவிட்டது.

இடது பத்தியில் எழுதினேன்: பதினொரு குடங்கள். ஆட்கள் இல்லை. வலது பத்தியில் பேனா நின்றுவிட்டது.

"குடத்த லைன்ல வச்சிட்டு சோறாக்கப் போயிருப்பாங்க வாத்யாரே" என்றான் எத்திராஜ். அவன் குரலே சரியாக இல்லை. "நம்மூர்ல வைக்கிறதில்லியா. குடம் நிக்கிம், ஆள் பூடும்."

அதையே எழுதினேன்: வரிசையில் இடம் பிடிக்கக் குடங்களை வைத்துவிட்டு ஜனங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

"ஆதாரம்?" என்றார் மிஸ்திரி சார்.

"எங்கள் தெரு, சார்."

அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். வலது பத்தியின் மேல் வெகுநேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அதை மூடி வைத்துவிட்டு நீலப் பேனாவால் கீழே கையெழுத்துப் போட்டார். ஆதாரமில்லாத ஒரு வரியை அவர் அடிக்காமல் விட்டது, எனக்குத் தெரிந்து, அந்த ஒரு தடவைதான்.

எத்திராஜ் இப்போது கொட்டிவாக்கத்தில் மகன் வீட்டில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் கடற்கரையில் சந்திப்போம். போன வாரம் இந்தக் கட்டுரையை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். அப்போது கடைசிப் பகுதி வேறு மாதிரி இருந்தது. குடங்களை வைத்துவிட்டு ஜனங்கள் முன்பே வீட்டுக்குப் போயிருந்தார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று முடித்திருந்தேன். என் மனைவியிடம், பிள்ளைகளிடம், பாராட்டு விழா மேடைகளில் எல்லாம் இத்தனை வருஷமாக அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். கேட்டவர்கள் கண் கலங்கிக் கை தட்டுவார்கள்.

எத்திராஜ் கை தட்டவில்லை. மணலைக் கிளறிக்கொண்டே இருந்தான்.

"பூட்டாங்கன்னு நீ பாத்தியா வாத்யாரே?"

"நீதானேடா சொன்னே?"

"நான் சொன்னேன். உன் மூஞ்சிய பாத்து சொன்னேன்." கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டு, "எனக்கும் தெரியாது. அந்த ஆபீசருக்கும் தெரியாது. இத்தினி வருசமா நீதான் தெரிஞ்ச மாதிரி சொல்லிக்கினு கீற" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. எழுந்து பஸ் ஏறி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் குடித்தேன். பழைய பக்கத்தைக் கிழித்துவிட்டு மேலே நீங்கள் படித்ததை எழுதினேன்.

கவிதா மேடம், உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். இரண்டு தடவை தப்பாக ரிப்போர்ட் கொடுத்திருக்கிறேன். முதல் தப்பைப் பத்து மணிக்குச் செய்து பதினொன்றரைக்குத் திருத்தினேன். இரண்டாவது தப்பு, வலது பத்தியில் எழுதியதை இடது பத்திக்கு மாற்றிக்கொண்டது. ஐம்பது வருஷத்துக்கு மேல் அதைத் திருத்தாமல் வைத்திருந்தேன். இன்று திருத்துகிறேன், குரலும் என்னுடையதாகவே இருக்கட்டும். நீங்கள் இதை அச்சிடும்போது இரண்டு பத்தியாகப் போடுங்கள்.

காண்கிறேன்: பதினொரு குடங்கள். ஆட்கள் இல்லை.

கருதுகிறேன்: வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.